திருடன் கையில் சாவி

நம் ஊர்ப் பெரியவர்கள் நமக்கு இரண்டு பழமொழிகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது ஒன்று. 'திருடன் கையில் சாவியைக் கொடுத்தாற்போல' என்பது மற்றொன்று. முதலாவதை நம்பினால், திருடனைப் பிடிக்கத் திருடனைத்தான் அமர்த்த வேண்டும். இரண்டாவதை நம்பினால், அப்படி அமர்த்துகிறவனைப் போன்ற அசடன் உலகத்தில் வேறு கிடையாது. ஒரே திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரே கிழவர் காலையில் முதலாவதையும் சாயங்காலம் இரண்டாவதையும் சொல்லுவார். அவரை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போகிறோம்.

ஆனால் ஒரு சர்க்கார் இந்த இரண்டு பழமொழிகளையும் ஒரே சமயத்தில் நம்பினால் என்ன ஆகும்? ஒரு மனிதனைப் பார்த்து, "நீ பழைய குற்றவாளி, ஆகையால் இந்த வேலைக்கு உன்னைவிட ஏற்றவன் இல்லை" என்றும், "நீ பழைய குற்றவாளி, ஆகையால் உன்னை நம்புவதற்கில்லை" என்றும் ஒரே மூச்சில் சொன்னால் அவன் கதி என்ன? நெப்போலியன் காலத்துப் பாரிஸ் நகரத்தில் அப்படித்தான் நடந்தது. அந்த மனிதனின் பெயர் யூஜேன் பிரான்ஸ்வா விதோக்.

முதலில் அந்தத் தேசத்துக் காவல் ஏற்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்களிடம் 'ழாந்தார்மெரி' என்று ஒரு படை உண்டு. அது ராணுவத்தைச் சேர்ந்த போலீஸ். மன்னராட்சியில் வேறு பெயரில் இருந்த குதிரைக் காவற்படையைப் புரட்சிக்குப் பிறகு, 1791-ல், புதுப் பெயர் சூட்டித் திருத்தி அமைத்தார்கள். நெடுஞ்சாலைகளில் ரோந்து போவது, கிராமங்களில் அமைதி காப்பது, பட்டாளத்தை விட்டு ஓடிய சிப்பாய்களைப் பிடிப்பது, சிறையிலிருந்து தப்பியவர்களைத் துரத்துவது இவையெல்லாம் அதன் வேலை. 1798-ல் அதற்கு விரிவான சட்டம் ஒன்று செய்தார்கள். படையில் சேர விரும்புகிறவனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவன் ராணுவத்தில் சேவை செய்திருக்க வேண்டும். நன்னடத்தைக்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நியாயமான நிபந்தனைகள்தாம். ஒருவன் கையில் துப்பாக்கியையும் சட்டத்தையும் ஒருசேரக் கொடுப்பதற்கு முன், 'நீ யாரப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்க முடியுமா?

விதோக்குக்கு எழுதப் படிக்கத் தெரியும். ராணுவத்திலும் இருந்திருக்கிறான். மூன்றாவது நிபந்தனையில்தான் சங்கடம். பட்டாளத்தை விட்டும் ஓடியவன், சிறையை விட்டும் ஓடியவன். அந்தப் படையில் அவன் சேருவதாவது! அந்தப் படையே அவனைத் தேடிக்கொண்டிருந்தது.

வடக்குப் பிரான்ஸில் அராஸ் என்ற ஊரில் 1775-ஆம் வருஷம் ஜூலை மாதம் அவன் பிறந்தான். தகப்பனார் ரொட்டிக் கடைக்காரர். பிள்ளையாண்டான் சிறு வயதிலேயே கடைப் பணத்தில் கை வைக்கக் கற்றுக்கொண்டான். வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை அவன் எடுத்துப் போனபோது, தகப்பனாரே அவனைச் சில நாள் சிறையில் வைக்கச் செய்தார். பிற்பாடு ஒரு பெருந்தொகையைச் சுருட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறப் போனான். துறைமுகத்தில் அவனைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் அதை அவனிடமிருந்து சுருட்டிவிட்டான். இதையெல்லாம் அவனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறான். கொஞ்சம் கை சரக்கும் சேர்த்திருப்பான் என்றுதான் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எழுதுகிறவர்களுக்கு இது பொதுவான வியாதி.

1791-ல் பட்டாளத்தில் சேர்ந்தான். அடுத்த வருஷம் செப்டம்பரில் வால்மி யுத்தத்தில் போரிட்டான். புரட்சிப் பிரான்ஸைக் காப்பாற்றிய யுத்தம் அது. ஆனால் கட்டுப்பாட்டுக்கும் அவனுக்கும் வெகுதூரம். சண்டை, துவந்த யுத்தம், ஓட்டம், மறுபடி வேறொரு பெயரில் பட்டாளம், மறுபடி ஓட்டம். 1795-ல் லில் நகரத்தில் ஒரு பெண் விஷயமாக ஓர் அதிகாரியை அடித்துவிட்டு மூன்று மாதத் தண்டனை பெற்றான்.

அந்த மூன்று மாதம்தான் அவன் தலையெழுத்தை மாற்றியது. அதே சிறையில் ஓர் ஏழைக் குடியானவன் இருந்தான். தானியம் திருடியதற்காக அவனுக்கு ஆறு வருஷத் தண்டனை. சில கைதிகள் சேர்ந்து அவனை விடுதலை செய்யும்படி ஒரு பொய் உத்தரவைத் தயாரித்தார்கள். அந்தக் காகிதத்தை நம்பிச் சிறை அதிகாரிகளும் அவனை வெளியே விட்டுவிட்டார்கள். குட்டு வெளிப்பட்டதும், பொய் உத்தரவு தயாரித்தது விதோக்கின் அறையில் என்று வழக்கு வந்தது. 'அறையை இரவல் கொடுத்தது தவிர எனக்கு ஒன்றும் தெரியாது' என்று அவன் சாகும் வரையில் சாதித்தான். கோர்ட்டு நம்பவில்லை. 1796 டிசம்பரில் எட்டு வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். மூன்று மாதத்துக்கு உள்ளே போனவன் எட்டு வருஷத்துக்கு ஆளானான்.

அந்தக் காலத்துக் கடுங்காவல் என்றால் துறைமுகத்தில் கால் விலங்கோடு வேலை செய்வது. கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி, ஒருவரோடு ஒருவரைச் சங்கிலியில் கோத்து, பாரிஸ் பக்கத்திலுள்ள பிஸேத்ர் சிறையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ஓட்டிப் போவார்கள். ஊர் ஊராக ஜனங்கள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போன விதோக், 1798-ல் மாலுமி உடை தரித்துக்கொண்டு தப்பினான். மறு வருஷம் அகப்பட்டான். இந்தத் தடவை தெற்கே தூலோன் துறைமுகம். அங்கிருந்தும் 1800-ல் தப்பினான்.

தப்பித்தவன் சுகமாக இருந்தானா? அதுதான் இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு, ஊரை மாற்றிக்கொண்டு, கடைசியில் பாரிஸில் துணி வியாபாரம் ஆரம்பித்தான். வியாபாரம் நடந்தது. ஆனால் பழைய சிறைத் தோழர்கள் ஒவ்வொருவராகத் தேடி வந்தார்கள். "பணம் கொடு, இல்லாவிட்டால் போலீஸிடம் சொல்லுவோம். திருட்டுச் சாமானை உன் கடையில் வை, இல்லாவிட்டால் போலீஸிடம் சொல்லுவோம்." அவன் யோக்கியனாக வாழ முயன்ற ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வருமானம். ஒருவனுடைய பழைய குற்றம் எவனெவனுக்கோ சொத்தாகிவிடும் விந்தையை இங்கே பார்க்கிறோம். 1809 ஜூலையில் போலீஸார் அவனை மறுபடி பிடித்தார்கள். அப்போது அவனுக்கு வயது முப்பத்து மூன்று.

பாரிஸ் போலீஸில் ஆன்ரி என்று ஓர் அதிகாரி இருந்தார். திருடர் விவகாரங்களைக் கவனிக்கும் பிரிவுக்குத் தலைவர். விதோக் அவரிடம் ஒரு பேரம் பேசினான்: 'எனக்குத் திருடர்களைத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. என்னை மறுபடி சங்கிலியில் கோக்காதீர்கள். நான் உங்களுக்கு உபயோகப்படுகிறேன்.' ஆன்ரி யோசித்தார். அவனைச் சிறையிலேயே வைத்து, உள்ளே இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுச் சொல்லும்படி ஏற்பாடு செய்தார். இருபத்தொரு மாதம் அவன் இப்படி ஒற்று வேலை பார்த்தான். சக கைதிகள் அவனைச் சிறைகளை உடைத்த மகாவீரன் என்று கொண்டாடித் தங்கள் ரகசியங்களைக் கொட்டினார்கள். அவன் அவற்றை மேலே அனுப்பினான். இது அழகான காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை என்று மட்டும் சொல்லுவேன்.

1811 மார்ச்சில் ஆன்ரி அவனை வெளியே கொண்டுவந்தார். விடுதலை செய்ததாக அல்ல. தப்பி ஓடிவிட்டதாக நாடகம் ஆடி! மற்றக் கைதிகளுக்குச் சந்தேகம் வரக்கூடாதல்லவா? அந்த வருஷக் கடைசியில் அவன் தலைமையில் ஒரு சிறு படை உருவாயிற்று. அதற்குப் பெயர் 'சூர்தே', அதாவது பாதுகாப்பு. சாதாரண உடையில், மாறுவேஷத்தில், நகரம் முழுவதும் போய் உளவறியும் படை. 1813 டிசம்பரில் நெப்போலியனின் ஆணை அதற்கு ராஜாங்க அந்தஸ்து கொடுத்தது.

இதுவரை நான் 'அவன்' என்று எழுதிவந்தேன். இனிமேல் 'அவர்' என்று எழுத வேண்டும். தமிழில் இது ஒரு சௌகரியம், ஒரு சங்கடமும் கூட. உத்தியோகம் வந்தால் 'ர்' விகுதியும் வந்துவிடுகிறது. ஆனால் பிரெஞ்சுச் சட்டம் விதோக்குக்கு அந்த விகுதியை அவ்வளவு சுலபத்தில் கொடுத்துவிடவில்லை.

ஆரம்பத்தில் அவரிடம் நாலே நாலு ஆட்கள். 1824-ல் இருபத்தெட்டுப் பேர். அநேகமாக எல்லோரும் சிறை பார்த்தவர்கள். இரும்புச் சங்கிலியின் கனம் தெரிந்தவன்தான் மறுபடி அங்கே போகாமலிருக்க உயிரைக் கொடுத்து வேலை செய்வான் என்பது அவர் கட்சி. குற்றவாளிகளின் அங்க அடையாளம், பழக்க வழக்கம், திருடும் பாணி எல்லாவற்றையும் குறித்து வைத்தார். பிச்சைக்காரனாக, கிழவனாக, கூலிக்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு சாராயக் கடைகளில் உட்கார்ந்தார். 1817-ஆம் வருஷத்தில் மட்டும் பன்னிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு 811 பேரைக் கைது செய்ததாக அவருடைய கணக்கு சொல்லுகிறது. பாரிஸ் நகரத்துத் திருடர்கள் நடுங்கினார்கள்.

ஆனால் பாருங்கள், இத்தனை பேரைப் பிடித்த அந்த அதிகாரி சட்டத்தின் கண்ணில் யார்? பாக்கித் தண்டனையை அனுபவிக்காமல் தப்பி ஓடிய கைதி! 1796-ல் விதித்த தண்டனை அப்படியே இருந்தது. ரத்தாகவில்லை. சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுத்தது, அதிகாரம் கொடுத்தது, நகரத்தைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்தது. மன்னிப்பை மட்டும் கொடுக்கவில்லை. மேலதிகாரிக்குக் கோபம் வந்தால், ஒரு காகிதத்தை அலமாரியிலிருந்து எடுத்தால் போதும், தலைவர் மறுபடி கைதியாகிவிடுவார். மற்ற உத்தியோகஸ்தன் தவறு செய்தால் வேலை போகும். விதோக் தவறு செய்தால் கழுத்துக்கு வளையம் வரும். பதினெட்டாம் லூயி மன்னர் பட்டத்துக்கு வந்து, வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷங்கள் ஆன பிறகுதான் அந்த மன்னிப்பு கிடைத்தது.

இதிலே சர்க்காரின் கெட்டிக்காரத்தனம் ஒன்று இருக்கிறது. பழைய குற்றம் ஒருவனுக்கு யோக்கியதாம்சம். அதுவே அவனைக் கட்டிப் போடும் கயிறு. ஒரே சரக்குக்கு இரண்டு உபயோகம்! மன்னித்துவிட்டு வேலை கொடுத்திருந்தால் அது தர்மம். இவர்கள் வேலையை வாங்கிக்கொண்டார்கள்; மன்னிப்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இது வட்டிக்கடைக்காரன் புத்தி.

இதற்காக அவர் மேல் வந்த புகார்களையெல்லாம் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மற்றப் போலீஸ் அதிகாரிகள் அவரை வெறுத்தார்கள் என்பது உண்மை. நேற்று விலங்கு பூட்டிய கையோடு இன்று கை குலுக்குவது யாருக்கு இஷ்டம்? ஆனால் அவருடைய ஆட்கள் தாங்களே தூண்டிவிட்டுப் பிறகு தாங்களே பிடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு லேசானதல்ல. ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் தன் தலை தப்பும் என்ற நிலையில் ஒருவனை வைத்தால், பிடிக்க ஆள் கிடைக்காத நாளில் அவன் என்ன செய்வான்? கயிற்றைக் கழுத்தில் போட்டு வேலை வாங்குவதில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. அவருடைய ஆட்கள் கூட்டங்களில் ஜேப்படி செய்கிறார்கள் என்றும் வதந்தி கிளம்பிற்று. விதோக் அதற்கு ஒரு வேடிக்கையான பரிகாரம் செய்தார். எல்லோரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார். ஜேப்படித் திருடனுக்கு வெறுங் கை வேண்டும். கையுறையோடு ஜேப்பில் விரல் விட முடியாது. இந்த யுக்தி ஒரு யோக்கியனுக்குத் தோன்றியிருக்குமா? பாம்பின் கால் பாம்பறியும் என்பது இதுதான்.

1827-ல் மேலதிகாரியோடு ஒத்துப் போகாமல் ராஜிநாமா செய்தார். அவருக்குப் பின் அந்த ஸ்தானத்துக்கு வந்த கோகோ லாகூரும் பழைய திருடர்தான். அடுத்த வருஷம் விதோக்கின் நினைவுக் குறிப்புகள் புஸ்தகமாக வந்து பரபரப்பாக விற்பனையாயின.

ஆனால் இந்த மனிதருடைய வாழ்க்கையில் என் மனத்தைத் தொட்ட இடம் அவர் பிடித்த 811 பேர் அல்ல. வேலையை விட்ட பிறகு பாரிஸுக்கு அருகில் சேன் மாந்தே என்ற இடத்தில் அவர் ஒரு காகித ஆலை வைத்தார். யாரை வேலைக்கு வைத்தார் தெரியுமா? சிறையிலிருந்து வெளிவந்து எங்கும் வேலை கிடைக்காத ஆண்களையும் பெண்களையும். என்ன காகிதம் செய்ய முயன்றார் தெரியுமா? எழுத்தை அழித்து மோசடி செய்ய முடியாத காகிதம். போலி உத்தரவு வழக்கில் எட்டு வருஷம் விதிக்கப்பட்டவர், போலி செய்ய இடம் தராத காகிதத்துக்காகப் பாடுபட்டார்! கதையில் எழுதினால், 'கொஞ்சம் மிகைதான்' என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். சரித்திரத்துக்கு ஆசிரியர் கிடையாது.

ஆலை நிற்கவில்லை. கைதிகளைக் கொண்டுவந்து ஊர் நடுவே குடிவைக்கிறானே என்று கூச்சல் எழுந்தது. தொழில் தெரியாத ஆட்களுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்துப் பழக்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் காகிதம் வாங்க வந்தவர்கள், 'உனக்குத்தான் கூலி குறைச்சலாயிற்றே, நாங்கள் ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்?' என்று கேட்டார்கள். சில வருஷங்களுக்குள் ஆலை முழுகிவிட்டது. போலீஸ் அதிகாரியாகப் பழைய குற்றவாளியைச் சகித்துக்கொண்ட நகரம், காகிதம் செய்கிற தொழிலாளியாக அவனைச் சகிக்கவில்லை. போலீஸாக இருந்தபோது அவனால் நகரத்துக்கு லாபம் இருந்தது. ஆலையில் லாபம் அவனுக்கு மட்டும்தானே!

1832-ல் அவரை மறுபடி கூப்பிட்டுச் 'சூர்தே' தலைமையைக் கொடுத்தார்கள். அந்த ஜூன் மாதம் பாரிஸில் கலகம் மூண்டபோது அவர் ஆட்கள் சர்க்கார் பக்கம் நின்றார்கள். நவம்பரில் மீண்டும் ராஜிநாமா. அதோடு அவருடைய படையைக் கலைத்துப் புதிதாக அமைத்தார்கள். இனிமேல் எவ்வளவு சிறிய குற்றத்துக்காகவேனும் தண்டனை பெற்றவன் இந்தப் படையில் சேர முடியாது என்று விதி செய்தார்கள். ராணுவப் போலீஸின் முன்வாசலில் எழுதியிருந்த நிபந்தனை பின்வாசலுக்கும் வந்துவிட்டது. இருபது வருஷம் முதல் பழமொழியை நம்பிய சர்க்கார், ஒரே நாளில் இரண்டாவது பழமொழிக்கு மாறிவிட்டது.

அடுத்த வருஷம் விதோக் சொந்தமாகத் துப்பறியும் காரியாலயம் ஒன்று வைத்தார். தனியார் துப்பறியும் நிலையங்களுக்கு அதுவே முன்னோடி என்பார்கள். அங்கேயும் போலீஸ் அவரை விடவில்லை. 1842-ல் கைது செய்தார்கள். மறு வருஷம் ஐந்து வருஷத் தண்டனை கிடைத்தது. அப்பீல் கோர்ட்டு சில நிமிஷங்களில் அதைத் தள்ளிவிட்டது. ஆனால் அதற்குள் அறுபத்தேழு வயதுக் கிழவர் சுமார் ஒரு வருஷம் சிறையில் கழித்துவிட்டார். மன்னரின் மன்னிப்புக் காகிதம் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்திருக்கும். 1857 மே மாதம், எண்பத்தொரு வயதில் காலமானார்.

அவருக்கு நியாயம் வழங்கியது கோர்ட்டுகள் அல்ல; நாவலாசிரியர்கள். பால்ஸாக் அவரைப் பார்த்து வோத்ரேன் என்ற பாத்திரத்தைப் படைத்தார். அந்த மகா குற்றவாளியும் கடைசியில் போலீஸ் தலைவனாகிறான். விக்டர் ஹியூகோவோ இன்னும் ஆழமாகப் போனார். 1862-ல் வெளிவந்த அவருடைய பெரு நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950-ல் அதே பெயரில் படமும் வந்தது. நாகையா கைதியாக நடித்தார். இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பெயர் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு படத்தில் போட்ட வேஷமே ஒரு மனிதரை விடாதென்றால், நிஜமாகப் போட்ட விலங்கு எப்படி விடும்?

ஹியூகோ செய்த காரியத்தைக் கவனியுங்கள். திருந்திய கைதியான ழான் வால்ழானுக்கும், அவனைத் துரத்தும் போலீஸ்காரன் ழாவேருக்கும் விதோக்கே மூலம் என்று இலக்கிய விமர்சகர்கள் சொல்லுகிறார்கள். ஒரே மனிதரை அவர் இரண்டாகப் பிளந்துவிட்டார். அந்த ழாவேர் யார்? சிறையிலே பிறந்தவன், கைதியின் மகன். தன் பிறப்பின் கறையைப் போக்கிக்கொள்ளப் போலீஸில் சேர்ந்தவன். ஆகையினால்தான் அவனுக்கு இரக்கமே இல்லை. ஒருமுறை விழுந்தவன் எழுந்திருப்பான் என்று ஒப்புக்கொண்டால் அவனுடைய உலகமே இடிந்துவிடும். கடைசியில் அதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தபோது அவன் ஆற்றில் விழுந்து உயிரை விட்டான். ஹியூகோ இரண்டு பேரை வைத்து ஆடிய துரத்தல், விதோக்கின் ஒரே உடம்புக்குள் நாற்பது வருஷம் நடந்திருக்கிறது.

காவற்காரன் கறையற்றவனாக இருக்க வேண்டும் என்று கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. தன் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நிற்பவன் யார் என்று தெரிந்துகொள்வது தவறா? அதே சமயம், தண்டனையை அனுபவித்துவிட்டு வந்தவனுக்குப் பிழைக்க வழி கேட்கும் உரிமையும் உண்டு. இந்த இரண்டு உரிமைகளும் மோதும்போது ஒரு சர்க்கார் இரண்டு விதமாகத் தீர்மானிக்கலாம். 'உனக்கு இந்த வேலை இல்லை. ஆனால் வேறு ஆயிரம் கதவுகள் திறந்திருக்கின்றன' என்று சொல்லலாம். அது கண்டிப்பு; அநியாயம் அல்ல. அல்லது, 'பழையதைக் கிழித்துப் போட்டாயிற்று. வா' என்று சொல்லலாம். அது தாராளம். பழைய காகிதத்தைக் கிழிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, 'வா, வேலை செய்' என்று சொல்லுவதுதான் கூடாது. விதோக்குக்குச் செய்தது அதைத்தான்.

திருடன் கையில் சாவியைக் கொடுப்பது புத்திசாலித்தனமா, அசட்டுத்தனமா என்று திண்ணைக் கிழவர் இன்னும் தீர்மானிக்கவில்லை. என்னைக் கேட்டால், கொடுப்பதானால் அவன் காலில் உள்ள விலங்குக்கும் ஒரு சாவி உண்டு. அதை முதலில் கொடுக்க வேண்டும்.